விற்ற பிறகு பேரம்: லாக்ஸ்னஸின் ‘அணு நிலையம்’

ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை வீட்டு வேலைக்காரியின் காது வழியாக எழுதலாம் என்று ஹால்டார் லாக்ஸ்னஸுக்கு எப்படித்தான் தோன்றியதோ! ‘அணு நிலையம்’ நாவலின் பலம் முழுக்க அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. ஐஸ்லாந்தின் வடக்குப் பள்ளத்தாக்கிலிருந்து உக்லா என்ற பெண் ரெய்க்யவிக் நகரத்துக்கு வருகிறாள். வந்த காரணம் ஆர்மோனியம் கற்றுக்கொள்ள. ஊரில் அப்பா ஒரு தேவாலயம் கட்டிக்கொண்டிருக்கிறார், அதில் வாசிக்க ஆள் வேண்டும். சம்பளத்துக்காக ஒரு பெரிய வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். வீட்டுக்காரர் பூயி ஆர்லாந்து. வியாபாரி, பாராளுமன்ற உறுப்பினர், படித்தவர், பண்பானவர். அந்த வீட்டுக்குத்தான் இரவுகளில் பெரிய மனிதர்கள் வந்து போகிறார்கள். நாடு கைமாறுகிறது என்பது அவளுக்குச் செய்தித்தாளில் தெரியவில்லை. துடைக்கும்போதும் அடுக்கும்போதும் காதில் விழும் துண்டுப் பேச்சுகளில் தெரிகிறது.

நாவல் வெளிவந்த ஆண்டு 1948. நேட்டோ என்ற அமைப்பே அப்போது கிடையாது. அடுத்த ஆண்டுதான் அது பிறந்தது, ஐஸ்லாந்து அதன் 12 நிறுவன உறுப்பினர்களில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டது. ஆக, தன் நாடு கூட்டணிக்குள் போவதற்கு முன்பே அது எப்படிப் போகும் என்று லாக்ஸ்னஸ் எழுதிவிட்டார். இதை வைத்து அவரைத் தீர்க்கதரிசி என்று சொல்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சொன்னேன்.

முதல் தடவை படித்தபோது எனக்கு 25 வயது. பெருங்குடியில் ஒரு மேன்ஷன் அறை, ராத்திரி ஷிஃப்ட், பகலில் தூக்கம் வராமல் வாசிப்பு. அப்போது எல்லாம் தெளிவாக இருந்தது. நாட்டை விற்கிறவர்கள் ஒரு பக்கம், உக்லா மறுபக்கம். பிரதமர் மேடை மேடையாகப் போய் நாட்டை விற்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார், பிறகு விற்றுவிடுகிறார். அந்தப் பக்கங்களில் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருக்கிறேன், தாள் கிழியாத குறைதான். போன மாதம் அதே பிரதியை மறுபடி எடுத்தேன். கோடுகள் அப்படியே இருந்தன. ஆனால் அந்த வேகத்தோடு என்னால் இப்போது உடன்பட முடியவில்லை. ஏன் என்று சொல்லிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பின்னணி கொஞ்சம் தேவை. 1940 மே மாதம் பிரிட்டன் ஐஸ்லாந்துக்குள் படையோடு இறங்கியது. யாரும் அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். 1944 ஜூன் 17 அன்று ஐஸ்லாந்து டென்மார்க்கிலிருந்து முழுமையாகப் பிரிந்து குடியரசானது. அடுத்த ஆண்டே அமெரிக்கா கேட்டது: மூன்று ராணுவத் தளங்கள், 99 ஆண்டு குத்தகை. பல நூறு ஆண்டுகள் அந்நிய ஆட்சியில் இருந்துவிட்டு ஒன்றரை வருடத்துக்கு முன்பு கொடி ஏற்றிய நாட்டிடம் 99 ஆண்டு! மறுத்துவிட்டார்கள். ஆனால் 1946 அக்டோபரில் கெஃப்ளாவிக் விமான நிலையத்தை அமெரிக்கப் பயன்பாட்டுக்கு விடும் ஒப்பந்தம் பாராளுமன்றத்தில் 32க்கு 19 என்று நிறைவேறியது. லாக்ஸ்னஸின் நாவல் பிறந்தது இந்தக் கோபத்தில்தான்.

இதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 1845இல் கோபன்ஹேகனில் இறந்த கவிஞர் யோனாஸ் ஹால்க்ரிம்சனின் எலும்புகளைத் தோண்டி எடுத்து நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கே புதைப்பது என்று சண்டை. ஒரு தீவிர ரசிகர் பெட்டியைக் கவிஞரின் சொந்தப் பள்ளத்தாக்குக்கே கொண்டுபோய்விட, அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்து திங்வெட்லிரில் அடக்கம் செய்தார்கள். இதெல்லாம் கற்பனை இல்லை, நடந்தது. லாக்ஸ்னஸ் இதை அப்படியே நாவலுக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டார். நாட்டை விற்கும் ஆட்களே தேசத்தின் செல்லப்பிள்ளைக் கவிஞனின் எலும்பைக் கொண்டுவரவும் முன்னால் நிற்கிறார்கள். மண்ணைக் கொடுத்தாயிற்று, பதிலுக்கு மக்களுக்கு ஒரு சவ ஊர்வலம். கடைசியில் அந்தப் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே இருப்பது போர்த்துக்கல் மத்தி மீனும் டென்மார்க் களிமண்ணும். தேசபக்தி எங்கே உச்சத்தில் கொட்டி முழங்குகிறதோ அங்கே பெட்டியைத் திறந்து பார் என்கிறார். நாவலின் ஆகச் சிறந்த பகடி இது. (கவிஞனின் பெயரில் எழுதித் திரியும் அணுக்கவிஞனும் அவனுடைய சகாவும் வரும் பகுதிகள் எனக்கு இரண்டு வாசிப்பிலும் அலுப்பூட்டின. லாக்ஸ்னஸுக்கு அவர்கள்மேல் இருந்த பிரியம் எனக்கு வரவே இல்லை.)

இனி நாவல் முடிந்த இடத்திலிருந்து வரலாறு.

1949 மார்ச் 30. நேட்டோவில் சேர்வது பற்றி ஓட்டெடுப்பு. பாராளுமன்றத்துக்கு முன்னால் இருக்கும் ஆஸ்டர்வோட்லூர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள். மொத்த மக்கள்தொகையே சுமார் 1,40,000 இருந்த நாடு அது. கல் பறந்தது, ஜன்னல்கள் உடைந்தன, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. உள்ளே 37க்கு 13 என்று தீர்மானம் நிறைவேறியது. சேரும்போது ஐஸ்லாந்து தரப்பு இரண்டு விஷயங்களை உறுதிப்படுத்திக்கொண்டது: எங்களுக்கு ராணுவம் கிடையாது, வைத்துக்கொள்ளவும் போவதில்லை, சமாதான காலத்தில் வெளிநாட்டுப் படை எங்கள் மண்ணில் இருக்காது. முதலாவது இன்றுவரை நிற்கிறது. இரண்டாவதுக்கு ஆயுள் இரண்டே வருடம். கொரியப் போர் வந்ததும், 1951 மே மாதம், அமெரிக்காவோடு தனிப் பாதுகாப்பு ஒப்பந்தம். கெஃப்ளாவிக்கில் படை வந்து இறங்கியது.

இதுவரை பார்த்தால் லாக்ஸ்னஸ் நூற்றுக்கு நூறு. வாக்குறுதி, சத்தியம், இரவுக் கூட்டம், பிறகு விமானங்கள். என் பென்சில் கோடுகளும் இங்கேதான் நிற்கின்றன.

ஆனால் அடுத்த 25 வருடத்தில் அந்த நாடு என்ன செய்தது என்பதை இந்த நாவலை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. ஐஸ்லாந்தின் வெளியுறவுக் கொள்கையில் ராணுவத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது, மீன். ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும்பகுதி மீன்தான். அந்த மீனை இழுவைமடி போட்டு அள்ளிக்கொண்டு போனவர்கள் பிரிட்டன்காரர்கள், அதாவது அதே கூட்டணியின் உறுப்பினர்கள். 1952இல் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 4 மைலாக்கியது. பிரிட்டிஷ் துறைமுகங்கள் ஐஸ்லாந்து மீனை இறக்க விடவில்லை. உடனே யார் வாங்க வந்தார்கள் தெரியுமா? சோவியத் யூனியன்! நேட்டோ உறுப்பினரின் மீன் மாஸ்கோவுக்குப் போகிறது, காரணம் இன்னொரு நேட்டோ உறுப்பினர். வாஷிங்டனில் இதைப் பார்த்துப் பதறினார்கள். அந்தப் பதற்றம்தான் ஐஸ்லாந்தின் முதலீடு.

1958இல் எல்லை 12 மைல். முதல் ‘காட் யுத்தம்’. காட் என்பது அந்த மீனின் பெயர். பிரிட்டன் தன் மீன்பிடிக் கப்பல்களுக்குப் போர்க்கப்பல் காவல் போட்டது. 1961இல் 12 மைலை ஒத்துக்கொண்டது. 1972இல் 50 மைல். இந்த முறை ஐஸ்லாந்தின் ரோந்துக் கப்பல்கள் ஒரு புதிய கருவியோடு வந்தன. மீன்பிடிக் கப்பலுக்குப் பின்னால் குறுக்கே போய் மடியை இழுக்கும் கம்பியை அறுத்துவிடும் கருவி. சுட வேண்டியதில்லை, வலை கடலோடு போய்விடும். பதிலுக்கு மோதல்கள், இடித்துத் தள்ளல்கள். மோதிய சேதத்தைச் சரிசெய்துகொண்டிருந்த ஐஸ்லாந்து எஞ்சினியர் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். அப்போது ரெய்க்யவிக்கில் இருந்த இடதுசாரிக் கூட்டணி அரசு கெஃப்ளாவிக் தளத்தையே மறுபரிசீலனை செய்வோம் என்று பதவியேற்கும்போதே அறிவித்திருந்தது. நேட்டோ தலைமைச் செயலர் யோசப் லுன்ஸ் இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே பேச வேண்டியிருந்தது. 1973 அக்டோபரில் பிரிட்டன் போர்க்கப்பல்களை விலக்கியது. 1975இல் 200 மைல். 1976 பிப்ரவரியில் ஐஸ்லாந்து பிரிட்டனோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது. ஒரே ராணுவக் கூட்டணியின் இரண்டு உறுப்பினர்கள்! ஜூன் 1 அன்று ஆஸ்லோவில் உடன்படிக்கை. மீன் ஐஸ்லாந்துக்கு.

கையில் நாலைந்து ரோந்துக் கப்பல்கள். எதிரில் ராயல் நேவி. எப்படி ஜெயித்தார்கள்? வரைபடத்தைப் பார்த்தால் போதும். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பிரிட்டன் இந்த மூன்றுக்கும் நடுவில் உள்ள இரண்டு இடைவெளிகள் வழியாகத்தான் சோவியத் வடக்குக் கடற்படையின் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்குக்குள் வர முடியும். அவற்றை வேவு பார்த்தது கெஃப்ளாவிக்கிலிருந்து. அந்தத் தளத்தை மூடிவிடுவோம் என்ற ஒரு வாக்கியம் ராயல் நேவியைவிட எடை கூடியது. எந்தத் தளத்தை நாட்டின் விற்பனை என்று லாக்ஸ்னஸ் எழுதினாரோ, அந்தத் தளத்தை வைத்தே நாடு தன் கடலை வாங்கியது.

எனவே நாவலின் அடிப்படை உவமையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. விற்பனை என்றால் ஒருமுறைதான். கையெழுத்து, பணம், சாவி, முடிந்தது. கூட்டணி அப்படி இல்லை. அது வாடகை வீடு மாதிரி. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு குழாய்க்கும் பேசிக்கொண்டே இருக்கவேண்டியது. சேர்ந்த நாளோடு வெளியுறவுக் கொள்கை முடிந்துவிடுவதில்லை, வேறு மாதிரித் தொடங்குகிறது. வெளியே இருக்கும் சிறிய நாடு கோபப்பட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்ளே இருந்து கோபப்பட்டால் அது எல்லோருக்கும் பிரச்சினை.

உக்லாவின் கதையோடு இதை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: மனுஷியாக வேண்டும். ஏழை வீட்டு மனைவியைப் போலச் சம்பளமில்லாத அடிமையாகவும் வேண்டாம், பணக்கார வீட்டு மனைவியைப் போல விலைக்கு வாங்கப்பட்ட சீமாட்டியாகவும் வேண்டாம். பூயி ஆர்லாந்துமேல் அவளுக்கு ஈர்ப்பு இருக்கிறது, அவர் கொடுக்கவும் தயாராக இருக்கிறார். அவள் ஏற்கவில்லை. ஜெயிலுக்குப் போய்விட்ட, தன் குழந்தைக்கு அப்பனான, கூச்ச சுபாவமுள்ள அந்தப் போலீஸ்காரனைத் தேர்ந்தெடுக்கிறாள். தேசம் இப்படி இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நாவலின் உள்ளர்த்தம். பெண்ணாக அவள் எடுக்கும் முடிவு கம்பீரமானது. நாட்டுக்கு அது பொருந்துமா? மார்ஷல் திட்டத்தில் தலைக்கணக்கில் மிக அதிக உதவி பெற்ற நாடு ஐஸ்லாந்து. அது பூயி ஆர்லாந்திடமிருந்து கைநீட்டி வாங்கியது, வாங்கிக்கொண்டே அவருக்கு அடங்காமலும் இருந்தது. உக்லாவின் மூன்று வழிகளில் இது எதுவுமே இல்லை. இந்த நான்காவது வழிக்கு லாக்ஸ்னஸிடம் ஒரு பாத்திரம் இல்லை.

ஆனால் ஒருவர் பக்கத்தில் வருகிறார். பூயி ஆர்லாந்தேதான். முதல் வாசிப்பில் எனக்கு அவர் வெறும் வில்லன். இப்போது நாவலின் மிகச் சிறந்த படைப்பு அவர்தான் என்று தோன்றுகிறது. தான் செய்வது என்ன என்று அவருக்குத் தெரியும். மேடைச் சத்தியங்களை அவர் நம்புவதில்லை, நம்புவதாக நடிப்பதுமில்லை. களைப்பான, நாகரிகமான, சிரிக்கத் தெரிந்த மனிதர். அவரை வெறுக்க லாக்ஸ்னஸால் முடியவில்லை என்பது வாக்கியங்களில் தெரிகிறது. கட்சி அரசியல் எழுதச் சொன்னதைக் கலைஞன் எழுதவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இத்தனைக்கும் அப்போது லாக்ஸ்னஸ் சோவியத் ஆதரவாளர். மாஸ்கோவில் தான் நேரில் பார்த்ததையும் பார்த்தும் சொல்லாததையும் பற்றி 1963இல்தான் மனம்திறந்து எழுதினார். ‘அணு நிலையம்’ ஒரு வல்லரசை மட்டுமே பார்க்கிறது. இன்னொரு வல்லரசு அதன் வானத்தில் இல்லவே இல்லை. 1956 மார்ச்சில் பாராளுமன்றம் அமெரிக்கப் படை வெளியேற வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த நவம்பரில் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்குகள் நுழைந்தன. படை அங்கேயே இருந்துவிட்டது. 1974இல் தளம் இருக்கட்டும் என்று 55,000க்கும் மேற்பட்ட ஐஸ்லாந்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இவர்கள் எல்லாரையும் மத்தி மீன் பெட்டிக்குள் அடைக்க முடியாது.

அப்படியானால் கூட்டணிக்கு ஆதரவானவர்கள்தான் சரி, லாக்ஸ்னஸ் தவறு, அவ்வளவுதானா? இங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

நான் முன்பு ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். வருமானத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. எங்கள் டீமில் நாலு பேர் அந்த வாடிக்கையாளரை மனதார வெறுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு மீட்டிங் வைப்பவர்கள். கேன்டீனில் எப்போதும் அதே புலம்பல், பேசாமல் எல்லாரும் பேப்பர் போட்டுவிடலாம் என்று. ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தபோது எங்கள் மேனேஜர் அவர்களிடம் சொன்னாராம்: பசங்க கிளம்பிடுவாங்க, என்னால் பிடித்து வைக்க முடியாது. ரேட் ஏறியது. வெறுப்பு எங்களுடையது, ரேட் அவருடையது. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். நாங்கள் நிஜமாகவே கிளம்பத் தயாராக இருந்தோம். இல்லையென்றால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பே இல்லை.

ஐஸ்லாந்தின் மந்திரிகள் ‘எங்கள் மக்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், தளத்தை மூட வேண்டியிருக்கும்’ என்று நேட்டோ கூட்டங்களில் சொன்னபோது அதை ஏன் நம்பினார்கள்? சதுக்கத்தில் கல் வீசிய கூட்டம் ஒன்று நிஜமாக இருந்தது. தளத்தை எதிர்த்துப் பல மைல் நடந்த ஊர்வலங்கள் இருந்தன. நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஒருவர் எழுதிய புத்தகம் இருந்தது. அமெரிக்கர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1946இல் ‘சுதந்திர மனிதர்கள்’ நாவலின் ஆங்கிலப் பிரதிகள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றிருந்தன. ‘அணு நிலையம்’ வந்தபின் அந்த ராயல்டிக்கு வரி கட்டினாரா என்று அமெரிக்க அதிகாரிகள் கிளறத் தொடங்கினார்கள். ஆக லாக்ஸ்னஸ் பேரத்தை எதிர்த்து எழுதிய புத்தகமே பேரத்தின் எடைக்கல்லாகிவிட்டது. வெளியேற வேண்டும் என்று கத்தியவர்களால்தான் வெளியேறாதவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. நாவலின் தோல்வி என்று இதைச் சொல்ல முடியவில்லை, வெற்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த விலையும் எப்போதும் கடலும் மீனுமாக இருக்கவில்லை. படை வந்தபோது ஐஸ்லாந்து அரசு ரகசியமாக ஒரு நிபந்தனை வைத்தது: கறுப்பினச் சிப்பாய்களை அனுப்பாதீர்கள். அமெரிக்கா ஒத்துக்கொண்டது. 1960களில்தான் அது தளர்ந்தது. சின்ன நாடு பெரிய நாட்டிடம் தன் சொல்லை நடத்திக்காட்டிய அழகான உதாரணம், என்ன சொல்ல! கூட்டணிக்குள் பேரம்பேசும் சக்தி கிடைக்கும் என்று மேலே எழுதினேன். அது எதற்குப் பயன்படும் என்பது வேறு கேள்வி. இரவில் ஆர்லாந்து வீட்டுக்கு வந்து போனவர்கள் பேசியதில் இதுவும் இருந்திருந்தால் உக்லா காதில் விழுந்திருக்கும். லாக்ஸ்னஸுக்கு அது தெரிந்திருந்தால் மத்தி மீன் பெட்டியைவிடக் கசப்பான அத்தியாயம் ஒன்று கிடைத்திருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1991 பிப்ரவரியில், சோவியத் படைகள் வில்னியஸில் மக்களைச் சுட்டுக்கொன்று ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், லித்துவேனியாவின் சுதந்திரத்தை முதன்முதலாக அங்கீகரித்த நாடு ஐஸ்லாந்து. கூட்டணியின் பெரியவர்கள் கோர்பச்சேவுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று கை பிசைந்துகொண்டிருந்தார்கள். ஐஸ்லாந்து அவர்களைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. 2011இல் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தபோதும் அப்படித்தான். கூட்டணி ஒரு நாட்டின் வாயைக் கட்டிவிடும் என்பவர்கள் இந்த இரண்டையும் எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தோளுக்குப் பின்னால் பெரியண்ணன் நிற்கும் தைரியத்தில் பெரியண்ணனுக்கே பிடிக்காததைச் செய்யும் சின்னத்தம்பி.

2006 செப்டம்பர் கடைசியில் அமெரிக்கர்கள் தாங்களாகவே கெஃப்ளாவிக்கை விட்டுக் கிளம்பினார்கள். ஐஸ்லாந்து அரசு போகாதே என்று கேட்டுப் பார்த்தது. அவர்களுக்கு வேறு போர்கள் இருந்தன, நீர்மூழ்கிகள் அப்போது முக்கியமில்லை. 55 வருடம் எதை வைத்து மிரட்டினார்களோ அது ஒரு தொலைபேசி அழைப்பில் கையைவிட்டுப் போனது. சிப்பாய் குடும்பங்கள் இருந்த அடுக்குமாடி வீடுகளில் மாணவர்கள் குடியேறினார்கள். பிற்பாடு ரஷ்ய நீர்மூழ்கிகள் திரும்ப நடமாடத் தொடங்க, அமெரிக்கக் கண்காணிப்பு விமானங்களும் முறைபோட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. இந்த முறை சதுக்கத்தில் கல் பறக்கவில்லை.

நாவலின் கடைசியில் தலைநகரில் அந்தப் பெட்டிக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. பெரிய மனிதர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். உக்லா கையில் பூக்களோடு அதைக் கடந்து ஜெயிலில் இருப்பவனைப் பார்க்கப் போகிறாள். முதல் வாசிப்பில் அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இந்த முறை நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கும் அந்தப் பெரிய மனிதர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களில் யார் அடுத்த இருபது வருடத்தில் போய் மீனுக்காகப் பேசப்போகிறவர் என்று.